ஃபேக்ஸ் கட்டம்

அந்தப் பழைய வலைத்தளத்தைத் திறந்தால் முதலில் "நல்வரவு" என்ற சொல் திரையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நொண்டி நொண்டி ஓடும். அடியில் ஒரு எண்: நீங்கள் 40,317-வது பார்வையாளர். ஒரே காலையில் பதினாறு முறை திறந்தேன். பதினாறு முறையும் நான் 40,317-வது ஆள்தான். சரி, நம் தலையெழுத்து இதுதான் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

இருபத்தொரு வருடமாக இதுதான் என் பிழைப்பு. யாரோ கட்டிவிட்டுப் போன தளத்தைப் பிரித்து, மூட்டை கட்டி, புது இடத்தில் கொண்டுபோய் இறக்குவது. எங்கள் ஆபீசில் புதிதாகக் கட்டுகிற வேலையெல்லாம் இளசுகளுக்குப் போகும். என் மேசைக்கு வருவது உயிர் ஊசலாடும் சர்வர், பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாத டேட்டாபேஸ், கட்டின ஆசாமி கடல் தாண்டிப் போய்ப் பதிலே போடாத தளம். "அக்காவுக்குத்தான் பொறுமை அதிகம்" என்பார்கள். பொறுமையாவது மண்ணாவது. அலுப்பு. கோபப்படக் கூடத் தெம்பில்லாத அலுப்பு. அதை விளக்கிச் சொல்லவும் அலுப்பாக இருப்பதால் பொறுமைசாலி என்றே இருந்துவிட்டேன்.

இந்தத் தளம் ஒரு இல்லத்தினுடையது. மனவளர்ச்சி குன்றிய பெரியவர்களை ஆயுள் முழுக்க வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம். அறுபது கட்டில்கள். உள்ளே போனவர்கள் யாரும் திரும்பி வருவதில்லை. அங்கே ஒருவர் இறந்தால்தான் வெளியே காத்திருக்கும் ஒருவருக்கு இடம். வருடத்துக்கு ஒன்று, சில வருடம் இரண்டு. காத்திருப்போர் பட்டியல் முழுக்க இந்தத் தளத்துக்குப் பின்னால் இருந்த டேட்டாபேஸில்தான் இருந்தது. தளத்தின் மென்பொருள் பதினெட்டு வருடப் பழசு. இனி இதைத் தாங்க முடியாது, மாசக் கடைசியோடு சர்வரை நிறுத்துகிறோம் என்று சர்வர் கம்பெனி கடிதம் போட்டுவிட்டது.

முதலாளி இந்த வேலையை என் மேசையில் வைத்தபோது நான் ஒரு விஷயம் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் என் தம்பியின் பெயரும் இருக்கிறது. பதினொரு வருடமாக.

சொல்லவில்லை. சொன்னால் வேலையை வேறு யாரிடமாவது கொடுப்பார், அந்த ஆளுக்கு அ, ஆவிலிருந்து சொல்லிக்கொடுக்கும் பாரமும் என் தலையில்தான் விழும் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. நாங்கள் எத்தனையாவது இடத்தில் இருக்கிறோம் என்று எட்டிப் பார்க்க ஆசை. அவ்வளவுதான்.

தம்பியை வீட்டில் துரை என்போம். முப்பத்தொன்பது வயது. உட்கார்ந்த இடத்துக்கு எல்லாம் வர வேண்டும், வராவிட்டால் மேசையைத் தட்டுவான், அதனால் அப்பா இருந்த காலத்தில் வைத்த பெயர். தொண்ணூற்றிரண்டு கிலோ. யாரையும் அடிக்கத் தெரியாது. ஆனால் தண்ணீர் தலையில் பட்டால் பயந்து தள்ளிவிடுவான். போன வருடம் அப்படித் தள்ளியதில் குளியலறைச் சுவரில் மோதி அம்மாவுக்குத் தோள் எலும்பில் விரிசல். இப்போது வலது கை காதுக்கு மேல் எழும்பாது. எழுபத்தாறு வயதில், ஒரு கையை வைத்துக்கொண்டு, இன்னமும் அவள்தான் அவனைக் குளிப்பாட்டுகிறாள். நான் ஆபீசுக்குப் போக வேண்டும் அல்லவா. எங்களுக்கு அந்த இல்லத்தில் ஒரு கட்டில் வேண்டும், அம்மா விழுவதற்குள் வேண்டும்.

இல்லத்தின் அலுவலகம் ஒரே ஒரு அறை. இரண்டு மேசை, ஒரு இரும்பு அலமாரி, ஜன்னலுக்கு வெளியே கொடிகளில் வரிசையாக ஈரப் படுக்கை விரிப்புகள். பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளை அங்கே எல்லாரும் பதிவக்கா என்றார்கள். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. திரைக்கும் அவர் மூக்குக்கும் நடுவே நாலு விரல் இடைவெளிகூட இருக்காது. இரண்டு கண்ணிலும் புரை. நான் வாயைத் திறந்து இரண்டு வார்த்தைதான் பேசியிருப்பேன்.

"நீங்க துரையோட அக்காதானே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"போன்ல கேட்ட குரல்" என்றார். "வருஷத்துக்கு ஒரு தரம் கூப்பிட்டு, 'எங்க துரைக்கு இன்னும் ஒண்ணும் இல்லையா?'ன்னு அதட்டுவீங்க. மறக்குமா?"

"அக்கா, ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. தயவு செஞ்சு..."

"நான் ஏம்மா சொல்லப் போறேன். வேலையைப் பாருங்க." பிறகு திரையைக்கூடப் பார்க்காமல், "இருபத்தி மூணு" என்றார்.

"என்னது?"

"எத்தனாவதுன்னு கேக்கத்தானே வாய் துடிக்குது? இருபத்தி மூணாவது. இப்போதைக்குக் கேக்காதீங்க."

இருபத்து மூன்று. வருடத்துக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. மனக்கணக்கு தானாகவே ஓடியது. ஓடின வேகத்தில் எரிச்சலும் வந்தது. அந்த எரிச்சலோடுதான் வேலையைத் தொடங்கினேன்.

பெயர்கள் முழுக்க யூனிகோடுக்கு முந்திய ஏதோ ஒரு எழுத்துருவில் அடித்திருந்தார்கள். திறந்தால் எலி ஓடின கீபோர்டு மாதிரி கேள்விக்குறியும் டாலர் குறியுமாக இருந்தது. அதைத் தமிழுக்கு மாற்ற நாலு நாள். புகைப்படங்கள் ஒன்றரை நாள். டேட்டாபேஸ் மட்டும் ஆச்சரியமாகச் சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு பதிவுக்கும் தேதி, ஒன்றுகூட விடுபடவில்லை. மாற்றங்கள் செய்த பழைய பதிவுகள் "நீக்கப்பட்டது" என்ற குறியோடு அடியில் கிடந்தன. நடப்பில் இருப்பவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றைத் தேதிப்படி அடுக்கினால் பட்டியல் தயார். இவ்வளவு சுலபமா என்று எனக்கே சந்தேகம்.

பெயர், பிறந்த தேதி, முகவரி, தொலைபேசி, ஃபேக்ஸ்.

ஃபேக்ஸ்! பழைய தளம் ஒவ்வொன்றிலும் இந்தக் கட்டம் இருக்கும். யாரும் நிரப்பியிருக்க மாட்டார்கள். எடுத்து வீசுவதில் எனக்கு அற்ப சந்தோஷம் உண்டு. ஆபீசில் என்னை ஃபேக்ஸ் எமன் என்றே கூப்பிடுவார்கள். இதில் என்னவோ எல்லாருக்கும் எதையோ நிரப்பியிருந்தார்கள். 31, 58, 117, 214. இரண்டு இலக்கம், மூன்று இலக்கம். உலகத்தில் எங்கே இருக்கிறது முப்பத்தொன்று என்று ஒரு ஃபேக்ஸ் எண்? கட்டாயம் நிரப்பு என்று ஃபார்ம் அடம்பிடித்திருக்கும், எவரோ வாய்க்கு வந்ததைத் தட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். தூக்கிவிட்டேன்.

பதிவக்கா கண் ஆபரேஷனுக்காக இரண்டு வாரம் லீவில் போகிற அன்று வாசல் வரை வந்தார்.

"எதையும் தூக்கிப் போட்டுடாதீங்கம்மா. நான் வந்து பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா சொல்றேன்."

"மாசக் கடைசியில சர்வரை நிறுத்துறாங்கக்கா. உங்க கண்ணு சரியாகுற வரைக்கும் அவங்க காத்துட்டு இருக்க மாட்டாங்க."

ஏன் அப்படி எடுத்தெறிந்து பேசினேனோ. அவர் தடவித் தடவிப் படியிறங்கிப் போனார்.

சனிக்கிழமை காலை புதுத் தளம் உயிர் பெற்றது. செயலாளர் என் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நல்ல மனிதர்தான், கம்ப்யூட்டர் சொன்னால் வேதவாக்கு என்று நம்புகிற ரகம். "அடுத்த இடம் யாருக்கு" என்று ஒரு பொத்தான் வைத்திருந்தேன். அமுக்கினால் பட்டியலில் முதல் பெயர் வரும், கடிதமும் தானாகவே தயாராகும். நான் அதைப் பொய்ப் பெயர்களை வைத்துத்தான் சோதித்திருந்தேன். "பலே! இனிமே அந்தம்மாவைக் கேட்டுக்கிட்டு இருக்க வேண்டாம்" என்று பூரித்துப் போனார். பழைய சர்வர் திங்களன்று நின்றது. முழு பேக்கப்பையும் ஒரு டிஸ்கில் போட்டு என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அது பழக்கம்.

புதன்கிழமை அம்மா ஆபீசுக்கு போன் பண்ணினாள். அம்மா என்னை ஆபீசில் கூப்பிட்டது இதற்கு முன் இரண்டே முறை, ஒன்று அப்பா விழுந்தபோது, இன்னொன்று அவள் விழுந்தபோது.

"இடம் கிடைச்சிருச்சுடீ" என்றாள்.

இல்லத்தில் மாடி அறையில் இருந்த ஒருவர் தூக்கத்திலேயே போய்விட்டார். செயலாளர் பொத்தானை அமுக்கியிருக்கிறார். வீட்டு லேண்ட்லைனுக்கு அவரே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்: அடுத்த புதன் காலை பத்து மணி, ஆறு சட்டை, ஆறு கால்சட்டை, நாலு துண்டு, ஒவ்வொன்றிலும் பதிவு எண்ணைத் தைத்துக் கொண்டு வாருங்கள். அம்மா இதையெல்லாம் ஒப்பித்துவிட்டு அழ ஆரம்பித்தாள். "நான் கண்ணை மூடுறதுக்குள்ள கிடைச்சிருச்சு பாரு. கிடைச்சிருச்சு பாரு." நானும் அழுதேன், ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல்.

அழுது முடித்து முகம் கழுவும்போது இருபத்து மூன்று என்ற எண் நினைவுக்கு வந்தது.

மேசைக்குப் போய்ப் புதுப் பட்டியலைத் திறந்தேன். முதல் பெயர் துரை. நேற்று இருபத்து மூன்றாவதாக இருந்தவன் இன்று எப்படி முதலாவது? வேறு யாராயிருந்தாலும் அந்த நிமிடமே பேக்கப்பைத் திறந்து நோண்டியிருப்பேன். என் வேலையே அதுதான். நோண்டவில்லை. அந்தம்மா குத்துமதிப்பாகச் சொல்லியிருக்கும். நடுவில் பலர் வேறு இல்லம் பார்த்துப் போயிருப்பார்கள். கம்ப்யூட்டர் தேதிப்படிதானே காட்டுகிறது, நான் என்ன கள்ளத்தனமா பண்ணினேன்? இப்படியே சொல்லிச் சொல்லித் திரையை மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன். தப்பு எங்கோ இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் டீ குடித்தேன்.

வீட்டில் அம்மா தையல் ஊசியும் கையுமாக இருந்தாள். துரை பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சட்டையாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். "எனக்கு?" என்று கேட்பான். "உனக்குத்தான்டா ராஜா" என்பாள். என்னைப் பார்த்ததும், "உன் கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டுக்கோ. அவன் ரூம்ல காத்து நல்லா வரும்" என்றாள். பல வருடத்துக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை பதிவக்கா கூப்பிட்டார். "கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?" குரலில் கோபமில்லை. அதுதான் பயமாக இருந்தது.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அதே மேசையில் உட்கார்ந்திருந்தார். செயலாளர் வெளியே போயிருந்தார். புதுத் தளம் திரையில் பளிச்சென்று இருந்தது.

"அழகா இருக்கும்மா. எழுத்தெல்லாம் இப்பத்தான் தெரியுது" என்றார். "ஃபேக்ஸ் எங்க?"

"எந்தக் காலத்துல இருக்கீங்கக்கா? யாருக்கு வேணும் ஃபேக்ஸ்?"

"எனக்கு வேணும்."

பிறகு சொன்னார். பழைய மென்பொருளில் ஒரு கோளாறு. யாராவது வீடு மாறினாலோ போன் நம்பரை மாற்றினாலோ, பழைய பதிவை அது அடித்துவிட்டு, அன்றைய தேதியில் புதுப் பதிவாகப் போட்டுவிடும். ஏழு வருடமாகக் காத்திருந்தவர் ஒரு போன் நம்பர் மாற்றினதற்காக வரிசையின் வாலுக்குப் போய்விடுவார். இரண்டாம் வருடமே இதைக் கண்டுபிடித்து, தளத்தைக் கட்டின ஆளிடம் சொல்லியிருக்கிறார். பார்க்கலாம் என்றானாம். அப்புறம் ஆளையே காணோம். அக்கா என்ன செய்வார்? யாருக்கும் பயன்படாமல் காலியாகக் கிடந்தது ஃபேக்ஸ் கட்டம் ஒன்றுதான். முதன்முதலில் பதிந்தபோது கிடைத்த வரிசை எண்ணை ஒவ்வொருவருக்கும் அதில் அடித்து வைத்தார். யாராவது முகவரி மாற்றினால் அந்த எண்ணையும் கையோடு கொண்டுபோய்ப் புதுப் பதிவில் போடுவார். இடம் காலியானால் ஃபேக்ஸ் எண்படி அடுக்கிப் பார்த்து, செயலாளரிடம் பெயரைச் சொல்வார். பதினாறு வருடம் இப்படித்தான் ஓடியிருக்கிறது.

"இதை யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேக்கா!" என்று கத்தியேவிட்டேன்.

"யாரும் கேக்கலையேம்மா." கண்ணாடிக்குக் கீழே வழிந்ததைத் துடைத்துக்கொண்டார், மருந்தோ கண்ணீரோ தெரியவில்லை. "உங்க வீட்ல நம்பரும் மாறல, வீடும் மாறல. அதான் உங்க தேதி அப்படியே நின்னுடுச்சு. உங்களுக்கு முன்னால இருந்த இருபத்திரெண்டு பேரும் நீங்க பதிஞ்சதுக்கப்புறம் எப்பவாவது எதையாவது மாத்தினவங்கதான். லேண்ட்லைனை எடுத்துட்டு மொபைல் போட்டவங்க பாதிப் பேரு."

லேண்ட்லைனை எடுத்துவிடலாம் என்று நான் எத்தனை முறை அம்மாவிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

"முதல் அஞ்சாறு பேர் யாருன்னு எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார். "ஆனா கம்ப்யூட்டர் ஒண்ணு காட்டும்போது நான் வாயால ஒண்ணு சொன்னா செயலாளர் நம்புவாரா? கண்ணோட சேர்த்து மூளையையும் ஆபரேஷன் பண்ணிட்டாங்களாம்பார். பழசு எங்கயாவது இருக்காம்மா?"

கைப்பை என் மடியில்தான் இருந்தது. உள்ளே டிஸ்க்.

"சர்வரை நிறுத்திட்டாங்கக்கா" என்றேன். "பார்க்கணும்."

"பாருங்க. உங்க வீட்டு இடம்னு தெரிஞ்சுதான் முதல்ல உங்ககிட்டக் கேக்குறேன். அவர்கிட்ட இன்னும் வாயைத் திறக்கல."

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், முடிந்தது. யாராலும் நிரூபிக்க முடியாது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்த வார்த்தையை மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். அம்மா பதினாறாவது துணியில் எண்ணைத் தைத்து முடித்தாள். இடது கையால் நூல் கோக்க முடியாமல் என்னைக் கூப்பிட்டாள். கோத்துக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போனதும் பேக்கப்பைத் திறந்தேன். நல்லவள் என்பதால் திறக்கவில்லை. முதலில் இருப்பவரின் நிலைமை எங்களைவிடத் தேவலை என்று தெரிந்தால் மனசாட்சி சும்மா கிடக்குமே, அதற்காகத் திறந்தேன். ஃபேக்ஸ்படி அடுக்கினேன். இடம் கிடைத்தவர்களைக் கழித்தால் முதலில் நின்றது முப்பத்தொன்று.

ஒரு அப்பா. மகனுக்கு நாற்பத்திரண்டு வயது. அந்த ஒரு பெயருக்கு மட்டும் அடித்துப் போட்ட பழைய பதிவுகள் பதின்மூன்று. எல்லாம் வீடு மாறினது. ஒன்றில் எட்டு மாதம், ஒன்றில் நாலு மாதம், ஒன்றில் மூன்றே வாரம். காரணம் யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கு எழுதி வைக்கவும் வேண்டாம். துரை கத்துகிற நாளில் பக்கத்து வீட்டுக் கதவு படாரென்று சாத்துகிற சத்தம் எங்களுக்கும் பழக்கம்தான். ஆனால் எங்களுடையது சொந்த வீடு. வெளியே போ என்று எங்களை யாரும் சொல்ல முடியாது. இவரை ஒவ்வொரு வீட்டுக்காரனும் சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் அந்தப் பாழாய்ப்போன மென்பொருள் அவரை வரிசையின் கடைசிக்குத் தள்ளியிருக்கிறது, அக்கா இழுத்து முன்னால் வைத்திருக்கிறார், நான் ஒரே நொடியில் மறுபடி தள்ளிவிட்டேன்.

கடைசிப் பதிவில் இருந்த எண்ணைக் கூப்பிட்டேன். ஏன் கூப்பிட்டேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

"இல்லத்துலேர்ந்து பேசுறேன். விவரமெல்லாம் சரியா இருக்கான்னு பார்க்குறோம்."

வயதான குரல். பின்னால் யாரோ ஒரே ராகத்தில் முனகிக்கொண்டே இருந்தார்கள். "எல்லாம் சரிதாம்மா, சரிதான்" என்றார் அவசரமாக. "முகவரி அதேதான்."

அந்த அவசரம் எனக்குப் புரிந்தது. நானும் வாரக் கடைசி முழுக்க எனக்குள் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். "மாறியிருந்தா சொல்லுங்கய்யா" என்றேன்.

"போன மாசம் மாறிட்டோம்மா. சொல்லலாமா வேண்டாமான்னு பயந்துட்டு இருந்தேன். மாத்திச் சொன்னா வரிசை போயிடும்னு அங்க வந்த ஒருத்தர் சொன்னாரு. எனக்கு எண்பத்தோரு வயசு. இனி பின்னால போனா..." நிறுத்தினார். "போயிடுமாம்மா?"

"போகாது" என்றேன்.

"நிஜமாவா?"

"நிஜமா போகாதுய்யா. சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் கதவு எண்ணிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். அம்மாவுக்குத் துரோகம் பண்ணுகிறேன் என்று தெரிந்தேதான் எழுதினேன். போனை வைத்ததும் அந்த ஃபேக்ஸ் கட்டத்தைப் புதுத் தளத்தில் திரும்பச் சேர்த்தேன். பெயரை மட்டும் "முதல் வரிசை எண்" என்று மாற்றினேன். முகவரியை மாற்றினாலும் எண் அழியாதபடி பூட்டினேன். பொத்தானையும் அந்த எண்ணையே பார்க்கச் சொன்னேன். மொத்தம் ஒன்றே முக்கால் மணி நேர வேலை. பட்டியலைத் திறந்தால் முதலில் அந்தப் பெரியவரின் மகன். துரை இருபத்து மூன்றாவது.

பதிவக்காவைக் கூப்பிட்டேன். "கிடைச்சிருச்சுக்கா."

"எனக்குத் தெரியும்மா, எங்கயாவது வச்சிருப்பீங்கன்னு" என்றார். "செயலாளர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். அம்மாகிட்டயும் நானே பேசட்டுமா?"

"வேண்டாம். நானே வாங்கிக் கட்டிக்கிறேன்."

அன்று சாயங்காலமே சொன்னேன். அம்மா பெட்டியைக் கூடத்தில் வைத்திருந்தாள். நான் ஒன்றையும் மறைக்கவில்லை. ஃபேக்ஸ், தேதி, பெரியவர், பதின்மூன்று வீடு, எல்லாவற்றையும் சொன்னேன். வேலையில் இப்படி யாருக்கும் நிதானமாக விளக்கினதில்லை.

"இதை யாரு கண்டுபிடிச்சது?"

"நான்தான்."

"உன்னை யாரு பார்க்கச் சொன்னா?"

"அது நான் பண்ணின தப்பும்மா. நம்ம இடமே இல்ல அது."

அம்மா பெட்டியைப் பார்த்தாள். "அப்ப இத்தனை வருஷத்துல இந்த வீட்டுக்கு நீ பண்ணின ஒரே நல்ல காரியம் அந்தத் தப்புதான்" என்றாள். "அதையும் திருத்திட்டு வந்து நிக்கிறே."

சுருக்கென்று இருந்தது. நானும் திருப்பிக் கொடுத்திருக்கலாம். என்னிடம் இல்லாத கணக்கா? அதற்கப்புறம் அவள் என்னோடு பேசவில்லை. செவ்வாய் முழுக்கப் பேசவில்லை. துரை பெட்டியைத் திறந்து எண் போட்ட சட்டை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு, மேசையைத் தட்டித் தட்டி, "எனக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

புதன்கிழமை. அவனைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய நாள். அதற்காகப் போட்ட லீவை ரத்து பண்ணத் தோன்றவில்லை. வீட்டிலேயே கிடந்தேன். எட்டரை மணிக்குக் குளியலறையிலிருந்து அம்மா கூப்பிட்டாள். பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை; "வா இங்க" என்றாள்.

துரை பிளாஸ்டிக் முக்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தான். அம்மா சுவரோடு சாய்ந்து நின்றாள். குவளை கீழே உருண்டு கிடந்தது.

"கை தூக்க வரல" என்றாள். "நீ ஊத்து."

புடவையைச் செருகிக்கொண்டு குவளையை எடுத்தேன். துரை என்னைப் பார்த்ததும் மிரண்டான். "அம்மா!" என்று கத்தி, இரண்டு கையாலும் என்னைத் தள்ளினான். பிடித்துக்கொண்டேன். முதல் குவளையில் பாதி என் மேல்தான். இருபது வருடத்தில் இவனைக் குளிப்பாட்டின நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். முதுகு இவ்வளவு அகலம் என்றே எனக்குத் தெரியாது.

"இவனுக்கு அங்க இடம் வேணும்னு நான் ஒரு நாளும் நினைச்சதில்ல" என்றாள் அம்மா. திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை; தரையில் ஓடும் சோப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எத்தனை வயசானாலும் என் புள்ளையை நான் பார்த்துக்குவேன். இவன் இல்லாத வீட்ல எனக்கு என்ன இருக்கு? உனக்கு அப்ப முப்பத்தி மூணு வயசு. நான் போனப்புறம் நீ இவனைக் கட்டிக்கிட்டு அல்லாடக் கூடாதுன்னு போய்ப் பேரை எழுதிப் போட்டேன். உனக்காகத்தான்டீ எழுதிப் போட்டேன். உனக்காக."

பதினொரு வருடமாக எனக்கு இது தெரியாது. அவளால் முடியவில்லை, அதனால் எழுதிப் போட்டாள் என்றே நினைத்திருந்தேன். நான் அவளுக்காக அந்தக் கட்டிலை வேண்டிக்கொண்டிருந்தேன். அவள் எனக்காக வேண்டியிருக்கிறாள். துரையின் தலையில் சோப்பைத் தேய்த்தேன். நுரை கண்ணில் இறங்கி வீறிட்டான்.

"மெதுவாடீ" என்றாள் அம்மா, அழுதுகொண்டே. "தண்ணியை நேரா ஊத்தாதே, பயப்படுவான். பின்னங்கழுத்துலேர்ந்து ஊத்து. காதுல போகக் கூடாது, இடது கையால மூடிக்கோ."

மூடிக்கொண்டேன். பின்னங்கழுத்திலிருந்து ஊற்றினேன். அவன் தள்ளவில்லை.

"நாளைக்கும் நீதான்" என்றாள்.

"சரிம்மா."